கோப்பை ஏன் நிறைகிறது, வெயில் ஏன் தாவுகிறது? தொலைக்காட்சி நாடகங்களின் தொடர்ச்சிப் பிழைகள்

ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் இரண்டு ஸ்கிரீன்ஷொட்டுகளை அருகருகே வைத்து, சிவப்பு வட்டம் போட்டு முகநூலில் பகிர்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. முதல் படத்தில் அம்மா பாத்திரத்தின் கோப்பையில் தேத்தண்ணி அரைவாசி இருக்கிறது. அடுத்த படத்தில், கதைப்படி இரண்டு வினாடி கழித்து, அதே கோப்பை நிறைந்து நிற்கிறது. கீழே வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இத்தனை பேர் நிற்கிற இடத்தில ஒருத்தருக்கும் இது தெரியல்லையா?"

தெரியும். பல நேரங்களில் எடிட்டருக்கு மிக நன்றாகவே தெரியும். தெரிந்தும் அது ஏன் திரைக்கு வருகிறது, எந்தப் பிழையைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று விளங்க வேண்டுமானால், ஒரு காட்சி எப்படி எடுக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு கைபேசி, ஒரு சிறிய கெமரா, நாலைந்து நண்பர்கள் என்று சேர்ந்து யூடியூபுக்கு நாடகம் எடுக்கும் இளைஞர்களுக்கும் இது தேவைப்படும் விஷயம்.

ஷொட், டேக், காட்சி

கெமரா ஓடத் தொடங்கி நிற்கும் வரை பதிவாவது ஒரு ஷொட். அதே ஷொட்டைத் திரும்ப எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டேக். கதைப்படி ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடப்பதெல்லாம் சேர்ந்தது ஒரு காட்சி. இரண்டு ஷொட்டை ஒட்டும் இடம் கட்.

கட்டுக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் இடைவெளியில்லாமல் ஓடும் ஒரே நேரம் என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் தொடர்ச்சி. படப்பிடிப்பில் எல்லோர் வாயிலும் வருவது கன்டினியூட்டி. பொருள், உடை, உடல், ஒளி, ஒலி, திசை இவற்றில் ஏதாவது ஒன்று கட்டின் இரண்டு பக்கமும் பொருந்தாமல் போனால் அது தொடர்ச்சிப் பிழை.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் வேறு பிழைகளும் உண்டு. 2019 மே மாதம் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரில், பழங்கால விருந்து மேசை ஒன்றில் இன்றைய கோப்பிக் கோப்பை ஒன்று நின்றது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எச்பிஓ நிறுவனம் இரண்டொரு நாளில் அதைக் கணினியில் அழித்துவிட்டுத் திருத்திய பிரதியை ஏற்றியது. பலர் அதைத் தொடர்ச்சிப் பிழை என்று எழுதினார்கள். அது காலப்பிழை. அந்தக் கோப்பை எல்லா ஷொட்டிலும் அசையாமல் அதே இடத்தில் இருந்திருந்தாலும் பிழை பிழைதான். மேலே தொங்கும் மைக் சட்டத்துக்குள், அதாவது கெமரா பிடிக்கும் பரப்புக்குள், தெரிவதும், கதையில் தர்க்கம் இடிப்பதும் அப்படித்தான், வேறு வகை. இந்தக் கட்டுரை கட்டில் பிறக்கும் பிழைகளைப் பற்றியது.

இரண்டு நிமிடக் காட்சிக்கு ஒரு முழுக் காலை

ஒரு விறாந்தை. அம்மாவும் மகனும் இருக்கிறார்கள். வெளிநாடு போகக் காசு கேட்கிறான் மகன். அம்மா தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள். திரையில் இரண்டு நிமிடம். ஒரே கெமராவை வைத்து எடுத்தால் வேலை பொதுவாக இப்படிப் போகும்:

1. காலை 7 மணி. மாஸ்டர் ஷொட். இருவரும் முழுக்கத் தெரிய, காட்சி முழுவதையும் ஒரே ஓட்டமாக நடிக்க வேண்டும். நான்கு டேக்.

2. 8 மணி தாண்டிவிட்டது. கெமரா அம்மாவின் தோளுக்குப் பின்னால் போகிறது, மகனின் முகம். லைட்டை மாற்றி வைக்கவே அரை மணித்தியாலம். மறுபடி நான்கு டேக்.

3. 9 மணிக்குப் பிறகு எதிர்ப்பக்கம். இப்போது அம்மாவின் முகம். நான்கு டேக்.

4. 10 மணியும் கடந்துவிட்டது. குளோசப்புகள்: அம்மாவின் கண், கோப்பையைப் பிடித்த விரல்கள். நான்கு டேக்.

கூட்டிப் பார்த்தால் அந்த அம்மா அதே வசனத்தைப் பதினாறு முறை பேசியிருக்கிறார். பதினாறு முறை கோப்பை ஒரே அளவில் ஊற்றப்பட்டிருக்க வேண்டும். பதினாறு முறையும் "காசு" என்ற சொல்லில் வலது கையால் தூக்கி, "உங்கப்பா" என்ற சொல்லில் கீழே வைத்திருக்க வேண்டும். எடிட்டர் பிறகு இந்தப் பதினாறிலிருந்து நல்ல துண்டுகளைப் பொறுக்கி இருபது முப்பது கட் வைத்து இரண்டு நிமிடமாக்குகிறார். இரண்டாவது டேக்கின் அம்மாவுக்குப் பக்கத்தில் பதினான்காவது டேக்கின் அம்மா வந்து நிற்கிறாள். கோப்பை நிறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இது ஒரு காட்சிக்குள் நடப்பது. காட்சிகளுக்கு இடையில் நிலைமை இன்னும் மோசம். நாடகங்கள் பெரும்பாலும் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. இடத்தைப் பொறுத்தும் நடிகர் எந்த நாள் வர முடியும் என்பதைப் பொறுத்தும்தான் எடுப்பார்கள். ஆஸ்பத்திரிக் காட்சிகள் எல்லாம் ஒரே நாளில் முடியும், அவை கதையில் ஐந்து வெவ்வேறு மாதங்களில் நடந்தாலும். வீட்டின் உட்பக்கத்தைக் கல்முனையில் ஒரு வீட்டிலும், வெளித்தெருவை மூன்று மாதம் கழித்து ஆரையம்பதியிலும் எடுக்கலாம். கதவைத் திறந்து வெளியே காலடி வைப்பதற்குள் மகனுக்கு மூன்று மாதத் தாடி வளர்ந்திருக்கும். இங்கே சிறு குழுக்களில் நடிப்பவர்கள் ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ வேறு வேலை பார்ப்பவர்கள். சனி, ஞாயிறு, போயா தினம் என்று பார்த்து எடுத்தால் அரை மணித்தியால நாடகமே மாதக்கணக்கில் இழுபடும்.

இரண்டு மூன்று கெமராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இதில் பாதிச் சிக்கல் தீரும், ஏனென்றால் எல்லாக் கோணத்திலும் பதிவாவது அதே கையசைவு. அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' மூன்று பிலிம் கெமராக்களை வைத்து அப்படித்தான் எடுக்கப்பட்டது. ஆனால் ஒரு கோணத்துக்கு அழகாக விழும் லைட் மறுகோணத்துக்குத் தட்டையாக விழும். இரண்டு கெமராவும் ஒன்றின் சட்டத்துக்குள் மற்றது விழாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். முகத்துக்கு நேரே நெருங்கிப் போகும் குளோசப்பை எடுக்க எப்படியும் தனியாகத்தான் போக வேண்டும்.

பெயர் சொல்லத் தெரியாத பிழை

கோப்பையை எல்லோரும் பிடிப்பார்கள். திசைப் பிழையை யாரும் வட்டம் போட்டுப் பகிர்வதில்லை, ஆனால் காட்சியை அதிகம் கெடுப்பது அதுதான். "என்னமோ சரியில்ல" என்ற உணர்வு மட்டும் வரும்.

பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு இடையே ஒரு கோடு ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கெமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கும் வரை அம்மா எப்போதும் திரையில் வலப்பக்கமாகப் பார்ப்பாள், மகன் இடப்பக்கமாகப் பார்ப்பான். இரண்டு முகங்களும் ஒன்றையொன்று சந்திக்கும். ஒரே ஒரு ஷொட்டுக்குக் கோட்டைத் தாண்டிவிட்டால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். எதிரும் புதிருமாக இருந்தவர்கள் யாரோ மூன்றாவது ஆளிடம் பேசுவது போல ஆகிவிடும்.

ஓடும் காட்சிகளில் இது இன்னும் கடுமை. கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே கிடக்கின்றன. கல்லடியிலிருந்து டவுனுக்கு ஒரு பொடியன் சைக்கிளில் விரைகிறான், ஆஸ்பத்திரியில் அப்பா. பழைய பாலத்தின் ஒரு பக்கம் நின்று எடுத்தால் அவன் திரையில் இடமிருந்து வலம் போவான். வாவி இன்னும் அழகாகத் தெரியும் என்று மறுபக்கம் போய் அடுத்த ஷொட்டை எடுத்தால் வலமிருந்து இடம் போவான். இரண்டையும் ஒட்டினால், ஊர் தெரிந்தவருக்குக்கூட அவன் எதையோ மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவதாகத்தான் படும். பின்னணியும் மாறும்: ஒரு பக்கத்தில் இரும்புச் சட்டங்கள், மறுபக்கத்தில் கொங்கிரீட்.

வழி மூன்று:

1. ஒரு பக்கத்தை முடிவு செய்து அதிலேயே நிற்பது.

2. ஷொட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கெமராவை மறுபக்கத்துக்கு நகர்த்துவது. பக்கம் மாறுவதைப் பார்ப்பவர் கண்ணால் கண்டுவிடுவார், அதனால் குழம்ப மாட்டார்.

3. இரண்டு பக்க ஷொட்டுகளுக்கும் நடுவே, கோட்டின் மேலேயே நின்று, நேர் முன்னாலிருந்தோ நேர் பின்னாலிருந்தோ எடுத்த ஒன்றைச் செருகுவது. சைக்கிளின் முன்சில்லு கெமராவை நோக்கி வரும் ஒரு வினாடி போதும்.

மூன்றுக்கும் ஒரு சதம் செலவில்லை. ஆகவே திசைப் பிழைக்குப் பணமில்லை என்பது ஒரு காரணமே ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

வெயில், வாவி, வயல்

கிழக்குக் கரையில் படம் எடுப்பவருக்கு முதல் எதிரி நிழல். சூரியன் ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை நகர்கிறது. காலை 6 மணியளவில் உதிக்கும் ஒரு நாளில், ஐந்தரை அடி உயரமான ஒருவரின் நிழல் 7 மணிக்கு ஏறத்தாழ 20 அடி நீண்டு கிடக்கும். 8 மணிக்கு ஒன்பதரை அடி. 9 மணிக்கு அவர் உயரமே, ஐந்தரை அடி. மேலே சொன்ன விறாந்தைக் காட்சி முற்றத்தில் நடந்திருந்தால், 7 மணி மாஸ்டரிலிருந்து 9 மணி அம்மாவுக்குக் கட் பண்ணும்போது நிழல் கால்வாசியாகச் சுருங்கிவிடும். கதையில் ஒரு வினாடிகூடப் போகவில்லை.

நண்பகல் வேறு வகைத் தொல்லை. ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் மட்டக்களப்பின் உச்சிக்கு மேல் வருகிறது. அப்போது நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும், கண்குழி இரண்டும் கறுத்துவிடும். காலையில் எடுத்த முகத்தோடு எந்தக் கலர் திருத்தத்தாலும் அதை ஒட்ட முடியாது. அனுபவமுள்ளவர்கள் செய்வது இதுதான்: தரையும் நிழலும் தெரியும் வைட் ஷொட்டுகளைக் காலையில் அடுத்தடுத்து எடுத்து முடிப்பது, குளோசப்புகளை வெயில் ஏறிய பிறகு, மேலே வெள்ளைத் துணி கட்டி, தரை தெரியாமல் எடுப்பது. முகத்துக்கு மட்டும் 7 மணி வெயிலை ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையால் பக்கத்திலிருந்து தரலாம்.

இன்னொன்று, ஊர்க்காரர் உடனே பிடிக்கும் பிழை. இங்கே சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. கல்லடிக் கடற்கரையில் விடியற்காலையில் எடுத்த ஷொட்டைப் பின்னேரம் என்று சொல்லி வைத்தால் கொழும்பில் இருப்பவர் நம்பலாம், நாவலடிக்காரர் நம்ப மாட்டார். தண்ணீருக்கு மேல் அந்தி வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டி, வாவிக்கு மேலே மேற்கைப் பார்த்து எடுக்க வேண்டும். அந்த வெளிச்சம் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் முடியாத வசனத்தை அடுத்த நாள் அதே நேரம் வந்து எடுக்க வேண்டும், முகில் விட்டால்.

வாவியும் ஒரே மாதிரி நிற்பதில்லை. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கும். வாடை மழையில் நீர் ஏறிக் கண்டல் வேர்களை மூடும், நிறம் கலங்கும். பிறகு முகத்துவாரம் வெட்டுப்பட்டால் மட்டம் சட்டென்று இறங்கும். தோணியில் ஏறும் ஷொட்டை ஒரு கிழமையிலும் இறங்கும் ஷொட்டை மழைக்குப் பிந்திய கிழமையிலும் எடுத்தவர்களுக்கு இந்த வேறுபாடு எடிட்டிங் மேசையில்தான் தெரியவரும். அதனால் கரையில் ஒரு வேரையோ கல்லையோ அடையாளமாக வைத்து நீர்க்கோட்டைப் படம் பிடித்து வைப்பது நல்லது.

வயல் அதைவிட அவசரக்காரன். ஐப்பசி கார்த்திகையில் விதைத்த பெரும்போகம் மார்கழி, தையில் கண்ணைப் பறிக்கும் பச்சை. மாசியில் பொன்னிறம். அதன் பிறகு அறுவடை.

வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கெமராவை வினாடிக்கு 25 பிரேமிலும் ஷட்டரை வினாடியின் 50இல் ஒரு பங்கிலும் வைத்தால் அது தெரியாது. கைபேசியை வழக்கமான 30 பிரேம், 60இல் ஒரு பங்கு ஷட்டர் என்ற அமைப்பிலேயே விட்டால் சுவரில் பட்டைகள் ஓடும். ஒரு ஷொட்டைக் கெமராவிலும் மறு ஷொட்டைக் கைபேசியிலும் எடுத்து ஒட்டும்போது, அம்மா இருக்கும் சுவர் துடிக்கும், மகன் இருக்கும் சுவர் துடிக்காது.

காது பிடிக்கும் பிழை

படத்தில் தாவினால் கண் மன்னிக்கும். ஒலி தாவினால் காது மன்னிக்காது.

தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மாறி மாறி வரும் இந்தக் கரையில் எந்த முற்றத்தில் மைக் வைத்தாலும் பள்ளிவாசலின் வாங்கோசையோ கோயில் மணியோ பதிவாகும். மாஸ்டர் எடுக்கும்போது வாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. மகனின் குளோசப் எடுக்கும்போது முடிந்துவிட்டது. அம்மா, மகன், அம்மா, மகன் என்று வெட்டினால் ஓசை வரும், போகும், வரும், போகும். இதைவிடக் கொடுமை தெருத்தெருவாகப் பாண் விற்கும் ஓட்டோ. பீத்தோவனின் 'ஃபர் எலீஸ்' மெட்டைப் பாடிக்கொண்டு அது தெருவைக் கடந்தால், எந்தச் சுரத்தில் வெட்டினார்கள் என்பது குழந்தைக்கும் தெரிந்துவிடும். மெட்டு அடுத்து எங்கே போகும் என்று காதுக்கு முன்கூட்டியே தெரியும்.

தீர்வு சுலபம். ஓசை வந்தால் டேக்கை நிறுத்திக் காத்திருப்பது. பிறகு, காட்சி முடிந்ததும் எல்லோரையும் அதே இடத்தில் அசையாமல் நிறுத்தி, யாரும் பேசாமல், ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவது. காகம், காற்று, தூரத்து மோட்டார் சைக்கிள், மின்விசிறி எல்லாம் சேர்ந்த அந்த ஒரு நிமிடத்தை எல்லா ஷொட்டுக்கும் அடியில் ஓடவிட்டால் கட்டுகள் காதுக்குத் தெரியாமல் போகும். படப்பிடிப்பில் எல்லோரும் களைத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் இந்த ஒரு நிமிடம் வரும். அதனாலேயே பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடாதீர்கள்.

பேச்சுத் தொடர்ச்சியும் இங்கேதான் சேரும். முற்றத்தில் பதிந்த வசனத்தில் அம்மா "மறுகா வாறன் மனே" என்கிறாள். ஒரே ஒரு குளோசப்பில் ஒலி கெட்டுப்போனதால் பிறகு டப்பிங்கில் வேறு யாரோ அவளுக்குப் பேசுகிறார், "அப்புறம் வர்றேன்பா" என்று. வாயசைவு பொருந்தலாம். அந்த அம்மா நடுவிலேயே வேறு ஊர்க்காரியாகிவிட்டாள். கோப்பை நிறைவதைவிட இது எத்தனையோ மடங்கு பெரிய பிழை, மட்டக்களப்புக் கதை என்று சொல்லி எடுக்கும் நாடகத்தில் குறிப்பாக.

மேடையிலிருந்து வரும் நடிகர்கள்

இந்தப் பகுதியின் நடிகர்கள் பலர் கூத்திலிருந்தோ மேடை நாடகத்திலிருந்தோ வருகிறவர்கள். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர்களும் இருக்கிறார்கள். கூத்துக் களரியில் நேரம் அறுபடுவதில்லை. இரவு தொடங்கி விடியும் வரை ஒரே ஓட்டம். நாலாபுறமும் சனம் இருப்பதால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற கோடும் இல்லை. அங்கே வளர்ந்த நடிகர் ஒவ்வொரு டேக்கிலும் உணர்ச்சியைப் புதிதாகக் கண்டுபிடிப்பார். முதல் டேக்கில் வலது கையால் கண்ணைத் துடைத்தவர் மூன்றாவதில் சேலைத் தலைப்பால் துடைப்பார். அது அவருடைய பலம். எடிட்டருக்கு அது தலையிடி.

அவரைத் திட்டுவதால் முகம் இறுகுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. கூத்தரிடம் ஏற்கெனவே ஒரு துல்லியம் இருக்கிறது: வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகையிலும் கால் தாளக்கட்டுக்குள் நிற்கும், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் தீர்மானம் வைத்துத் தாளத்தை முடிக்கும் இடத்தில் ஆட்டம் நிற்கும். அதே முறையில் கையசைவை ஒரு சொல்லோடு கட்டிக் கொடுத்தால் அவர்கள் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். "காசு என்றதும் கோப்பை மேலே, உங்கப்பா என்றதும் கீழே." மற்ற எல்லாவற்றையும் அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம். ஒரு காட்சியில் இப்படிக் கட்ட வேண்டிய இடங்கள் மூன்று நான்குக்கு மேல் இருக்காது.

பார்ப்பவர் உண்மையில் எதைப் பார்க்கிறார்?

1997இல் டானியல் லெவின், டானியல் சைமன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சிறு படம் எடுத்துக் காட்டினார்கள். மேசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே 9 தொடர்ச்சிப் பிழைகள் வைத்திருந்தார்கள்: தட்டுகளின் நிறம் மாறும், கழுத்துத் துணி மறைந்து திரும்பும். முன்னறிவிப்பில்லாமல் பார்த்த 10 பேரில் ஒருவர் மட்டுமே ஏதோ மாறியதாகச் சொன்னார். பிழை இருக்கிறது, கவனியுங்கள் என்று சொல்லி மறுபடி காட்டியபோதும் சராசரியாக இரண்டைத்தான் பிடித்தார்கள். இன்னொரு சோதனையில், தொலைபேசியை எடுக்க எழுந்துபோகும் ஆளே கட்டுக்குப் பிறகு வேறு ஆளாக மாறிவிடுவார், உடையும் வேறு. பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

மனிதக் கண் காட்சி முழுவதையும் அள்ளிக்கொள்வதில்லை. கதை எங்கே இருக்கிறதோ அங்கே போகும், பெரும்பாலும் முகத்துக்கு, அதிலும் கண்ணுக்கு. நாடகம் ஓடும்போது நாம் அம்மாவின் கண்ணில் நீர் திரள்வதைப் பார்க்கிறோம். ஸ்கிரீன்ஷொட்டில் நேரமும் நின்றுவிட்டது, வசனமும் இல்லை, கண்ணீரின் எதிர்பார்ப்பும் இல்லை, மிஞ்சியிருப்பது கோப்பைதான். ஆகவே சிவப்பு வட்டம் காட்டும் பிழை உண்மையானது. அது நாடகத்தைக் கெடுத்தது என்ற முடிவு பெரும்பாலும் உண்மையல்ல.

படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் ஒஸ்கார் வாங்கிய வால்டர் மர்ச், ஒரு கட் எதற்காக வைக்கப்பட வேண்டும் என்பதற்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம். கதைக்கு 23. தாளத்துக்கு 10. பார்ப்பவரின் கண் திரையில் எங்கே நிற்கிறது என்பதற்கு 7. திரைத்தளத்தில் திசை ஒழுங்குக்கு 5. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற முப்பரிமாண இடத் தொடர்ச்சிக்கு வெறும் 4. உணர்ச்சி ஒன்றே மற்ற ஐந்தையும் சேர்த்ததைவிடக் கூட.

விறாந்தைக்குத் திரும்புவோம். மூன்றாவது டேக்கில் அம்மாவின் குரல் "உங்கப்பா" என்ற சொல்லில் தானாக உடைந்தது, கோப்பை மட்டும் நிறைந்திருந்தது. நான்காவதில் கோப்பை சரி, குரல் உடையவில்லை. நல்ல எடிட்டர் மூன்றாவதைத்தான் எடுப்பார். எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் இதையே சாட்டாக வைத்து எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியாது. கண் நிற்கும் இடத்தில் பிழை வந்தால் 4 சதவீதம் என்ற கணக்கு செல்லாது. கதை ஒரு கடிதத்தைச் சுற்றி ஓடினால் அந்தக் கடிதம் எந்தக் கையில் என்பது மாறக் கூடாது. தாலி கழற்றிய பெண்ணின் கழுத்தில் அடுத்த ஷொட்டில் தாலி இருக்கக் கூடாது. நெற்றிக் காயம் இடமிருந்து வலத்துக்குப் போகக் கூடாது. முகம், கதை தொங்கும் பொருள், பார்வையின் திசை, பேச்சு, ஒலி: இந்த ஐந்துக்கும் காவல் வேண்டும்.

குறிப்பேட்டோடு ஒருவர்

பெரிய படப்பிடிப்புகளில் இந்தக் காவலுக்கென்றே ஒருவர் இருப்பார். அவருடைய பிரதியில் ஒவ்வொரு ஷொட்டுக்கும் வசனங்களின் மேல் ஒரு செங்குத்துக் கோடு ஓடும். பேசுபவர் கெமராவில் தெரியும் வரிகளில் நேர்கோடு, தெரியாமல் குரல் மட்டும் வரும் வரிகளில் நெளிகோடு. பக்கத்தைப் பார்த்தவுடனே எந்த வசனம் எத்தனை கோணத்தில் இருக்கிறது, எது இன்னும் எடுக்கப்படவில்லை என்று தெரியும். கையில் டிஜிட்டல் கெமரா இல்லாத காலத்தில் உடனே அச்சாகும் பொலரொயிட் படங்களை ஒட்டி வைத்தார்கள். இன்று எல்லோர் கையிலும் அதைவிட நல்ல கருவி இருக்கிறது.

சிறு குழுவுக்கு இவ்வளவு போதும்:

1. ஒருவர், இந்த ஒரு வேலைக்கு மட்டும். தேத்தண்ணி வாங்கப் போகிறவரும் கிளாப் அடிக்கிறவரும் இவராக இருக்கக் கூடாது. கெமராவுக்குப் பக்கத்தில் நின்று, நடிகரைப் பார்ப்பதுதான் இவர் வேலை.

2. ஒவ்வொரு காட்சிக்கும் கதைநாள் இலக்கம். கதையின் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எழுதிவைத்தால் எந்தச் சட்டை, எவ்வளவு தாடி, காயத்துக்கு எத்தனை நாள் வயது என்ற கேள்விகள் தானாகத் தீரும்.

3. டேக் தொடங்கு முன் ஒரு படம், "கட்" சொன்னதும் யாரும் அசையு முன் இன்னொரு படம். இரண்டாவதுதான் முக்கியம், பலர் எடுக்காததும் அதுதான்.

4. கையசைவைச் சொல்லோடு சேர்த்துக் குறிப்பது: எந்தக் கை, எந்தச் சொல்.

5. எந்த டேக் நல்லது என்று இயக்குநர் சொன்னது, என்ன காரணத்துக்காக என்பதோடு.

இந்த ஆளுக்கு இடைமறிக்கும் உரிமையும் இருக்க வேண்டும். வயதில் குறைந்த தங்கச்சி ஒருத்தி "அண்ணே, போன ஷொட்டில பட்டன் திறந்திருந்திச்சு" என்று சொன்னால், எல்லோர் முன்னாலும் இயக்குநர் எரிந்துவிழாத இடத்தில்தான் இந்த வேலை நடக்கும். ஒரு முறை எரிந்து விழுந்தால் அவள் அடுத்த முறை சொல்ல மாட்டாள்.

பிறகு திருத்தக்கூடியவை

எடிட்டிங்கில் மறைக்கக்கூடியது எதிர்பார்ப்பதைவிடக் கூட. 4கே அளவில் எடுத்து எச்டி அளவில் வெளியிட்டால், சட்டத்தின் கால்வாசிப் பரப்பு மட்டும் மிஞ்சும் அளவுக்கு வெட்டிப் பெருப்பித்தாலும் கூர்மை குறையாது. கோப்பையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடலாம். அசைவின் நடுவே வெட்டினால், அதாவது கை பாதி தூக்கிய நிலையில் ஒரு ஷொட்டிலிருந்து மறு ஷொட்டுக்குப் போனால், கண் அசைவைப் பின்தொடருமே தவிர அளவைப் பார்க்காது. முற்றத்தில் மேயும் கோழி, கேட்டுக்கொண்டிருக்கும் தங்கையின் முகம் போன்ற இரண்டு வினாடித் துண்டுகளை நாள் முடிவில் எடுத்து வைத்தால் எந்தப் பிழைக்கும் நடுவே செருகலாம். கலரையும் ஓரளவு நெருக்கலாம். நிழலின் நீளத்தையும் பார்வையின் திசையையும் மேசையில் இருந்து மாற்றுவது சிறு குழுவால் ஆகாத காரியம்.

வயல் விடுபட்டுப்போனால் என்ன செய்வது? மார்கழியில் பச்சை வயல்வெளியில் வைட் ஷொட் எடுத்துவிட்டு, குளோசப்பைத் தவறவிட்டு, பங்குனியில் திரும்பிப் போனால் அறுத்த பயிரின் அடித்தாள்தான் நிற்கும். நீர்ப்பாய்ச்சல் உள்ள வயற்கண்டங்களில் சிறுபோகப் பச்சைக்கு வைகாசி, ஆனி வரை காத்திருக்கலாம். மழையை நம்பிய மானாவாரி வயலானால் அடுத்த மாரி வரை. காத்திருக்க முடியாதவர்கள் நடிகரை வரம்பில் நிறுத்தி, கெமராவை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி மேல்நோக்கிப் பிடித்து, பின்னால் வானம் மட்டும் வரும்படி குளோசப்பை எடுக்கலாம். வெயில் முகத்தின் எந்தப் பக்கம் விழுந்தது என்று மார்கழிப் படத்தைப் பார்த்து அதே பக்கத்தில் நிறுத்த வேண்டும். மாரி வானம் மூடியிருக்கும், பங்குனி வானம் வெளுத்திருக்கும். ஆகவே முகில் கட்டிய ஒரு காலையைப் பார்த்துப் போக வேண்டும். மார்கழியில் அந்த வயலில் ஒரு நிமிட ஒலி பதிந்து வைத்திருந்தால், அதை இரண்டு ஷொட்டுக்கும் அடியில் ஓடவிடலாம்.